டார்ச் லைட்டின் வெளிச்சமும் அது தின்னும் மின்சாரமும்: கடையிலேயே அளந்தறியும் முறை

டார்ச் லைட் விற்காத சில்லறைக் கடையை நம்மவரிடையே காண்பது அரிது. பினாங்கு சூலியா தெருவாயினும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியாயினும், சிங்கப்பூர் சிராங்கூன் ரோடாயினும், பூட்டு, கத்தரிக்கோல், குடை இவற்றோடு ஒரு வரிசை டார்ச்சுகளும் தொங்கிக்கொண்டிருக்கும். முற்காலத்தில் இதைக் கொள்முதல் செய்வதில் சிரமமே இல்லை. இரண்டு செல் என்றால் இரண்டு செல். மூன்று செல் என்றால் மூன்று செல். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அதற்கு மேல் பேச்சில்லை. இன்றோ பெட்டிக்குப் பெட்டி ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒன்றில் 300 லூமன், அடுத்ததில் 3,000 லூமன், விலை குறைந்த மூன்றாவதில் 50,000 லூமன்! இவற்றில் எது மெய், எது பொய் என்று சொல்ல இயலாத நிலையில் நாம் வாடிக்கைக்காரர் முன் நிற்கிறோம்.

அளவிலும் நிறுவையிலும் குறை வைக்கலாகாது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அரிசியை நிறுக்கத் தராசு இருக்கிறது. துணியை அளக்க முழக்கோல் இருக்கிறது. வெளிச்சத்தை எதனால் அளப்பது? அதற்கும் கருவி உண்டு, விலையும் அதிகமில்லை. லக்ஸ் மீட்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, சிறு சாமான் நிறுக்கும் தராசு ஒன்று, இவை போதும். நாலைந்து கடைக்காரர்கள் கூட்டாக வாங்கிப் பயன்படுத்தினாலும் சரியே.

முதலில் சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிப்படும் மொத்த ஒளிக்கு லூமன் என்று அளவு. குறிப்பிட்ட ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு வலுவாகச் செல்கிறது என்பதற்குக் கேண்டலா. அது போய் விழுகின்ற இடத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு எத்தனை லூமன் கிடைக்கிறது என்பதற்கு லக்ஸ். குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொண்டால் விளங்கும். நிமிஷத்துக்கு எத்தனை வாளி தண்ணீர் வருகிறது என்பது லூமன் போன்றது. குழாய் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சும்போது தண்ணீர் எவ்வளவு விசையோடு பாய்கிறது என்பது கேண்டலா போன்றது. விரலால் அழுத்தியதனால் தண்ணீர் அதிகமாகிவிடுவதில்லை. அதுபோலவே, கண்ணாடியைக் கொண்டு ஒளியைக் குவிப்பதனால் லூமன் கூடிவிடுவதில்லை. ஒரு மெழுகுவர்த்தியின் வலு ஏறக்குறைய ஒரு கேண்டலா. அதன் மொத்த ஒளி சுமார் 12 லூமன். நம் தந்தையர் காலத்து இரண்டு பெரிய செல் டார்ச்சின் பல்பு ஏறத்தாழ 10 லூமன்தான் கொடுத்தது என்றால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் கிண்ணக் கண்ணாடி அந்தச் சிறு ஒளியை ஒரே திசையில் குவித்ததால் தென்னை உச்சி வரை தெரிந்தது.

எல்.ஈ.டி. வந்து கணக்கு மாறியது. பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை ஜப்பானியர் ஷுஜி நாகாமுரா 1993இல் வெளிக்கொணர்ந்தார். அந்த நீல ஒளியின் மீது மஞ்சள் பாஸ்பரப் பூச்சு இட்டு வெள்ளை ஒளி பெறும் முறை சில ஆண்டுகளில் கடைக்கு வந்துவிட்டது. 2014இல் நாகாமுராவுக்கும் இஸாமு அகாஸாகி, ஹிரோஷி அமானோ இருவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பழைய இழை பல்பு ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 10 லூமன் தந்தது. இன்றைய நல்ல எல்.ஈ.டி. 100 முதல் 150 லூமன் வரை தருகிறது. இந்த ஓர் எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டால், கருவி ஏதுமின்றியே பாதிப் பொய்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

மேற்சொன்ன 50,000 லூமன் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். தாராளமாக வாட்டுக்கு 150 லூமன் என்றே வைத்தாலும், 50,000 லூமனுக்கு 333 வாட் வேண்டும். அது ஒரு சிறு ரைஸ் குக்கர் இழுக்கும் மின்சாரம். அந்த டார்ச்சுக்குள் இருப்பதோ 18650 என்று வழங்கும் ஒற்றை லித்தியம் செல். பதினெட்டு மில்லிமீட்டர் குறுக்களவு, அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்த வகையில் மிக நல்ல செல்லும் ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணிதான் கொள்ளும். அழுத்தம் 3.6 வோல்ட். பெருக்கினால் 12.6 வாட் மணி. 333 வாட் இழுத்தால் இரண்டேகால் நிமிஷத்தில் செல் காலி. அந்த இரண்டேகால் நிமிஷமும்கூட நடவாது. ஏனென்றால் 90 ஆம்பியருக்கு மேல் அதிலிருந்து பாய வேண்டியிருக்கும், அதைத் தாங்கும் சக்தி அந்தச் செல்லுக்கு இல்லை. சட்டைப் பையில் ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு திரியலாம் என்கிறது அந்தப் பெட்டி.

நிற்க. இனி அளக்கும் முறைக்கு வருவோம். முதலில் மின்சாரம்.

டார்ச்சின் பின்மூடியைக் கழற்றினால் செல்லின் அடிப்பாகம், அதாவது பெரும்பாலும் எதிர் முனை, தெரியும். மூடி இருந்தபோது செல்லையும் டார்ச்சின் உடலையும் இணைத்தது அந்த மூடிதான். இப்பொழுது அந்த வேலையை மல்டிமீட்டர் செய்யும்படி வைக்க வேண்டும். சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் என்று குறித்த துவாரத்தில் செருகி, ஒரு கம்பி முனையைச் செல்லின் அடியிலும், மற்றதைப் பூச்சு இல்லாத உடல் விளிம்பிலும் வைத்தால் விளக்கு எரியும். மீட்டரில் ஆம்பியர் தெரியும். விளிம்பில் பூச்சு இருந்தால் மின்சாரம் பாயாது. திருகு மரையின் பளபளப்பான பகுதியைத் தேடித் தொட வேண்டும். மீட்டரோடு வரும் மெல்லிய கம்பிகள் தாமே கொஞ்சம் மின் அழுத்தத்தைத் தின்றுவிடுவதால், வலுவான டார்ச்சுகளில் அளவு குறைவாகக் காட்டும். தடித்த குட்டைக் கம்பிகளை மாற்றிக்கொண்டால் இந்தக் குறை பெரும்பகுதி தீரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை வோல்ட் துவாரத்துக்கு மாற்ற மறந்து, அப்படியே செல்லின் இரு முனைகளிலும் வைத்தால், செல் நேராகக் குறுக்குச் சேர்க்கை ஆகிவிடும். நல்ல மீட்டரானால் பியூஸ் போகும். மலிவான மீட்டரானால் கம்பி உருகும். லித்தியம் செல்லானால் தீப்பிடிக்கவும் கூடும். கடைப் பையன்களிடம் இந்த வேலையைக் கொடுக்குமுன் இதை இரண்டு முறை சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கினால் வாட். மீட்டர் 1.5 ஆம்பியர் காட்டுகிறது, எரிந்துகொண்டிருக்கும்போது செல்லின் அழுத்தம் 3.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 5.7 வாட் ஆயிற்று. கண்ணாடியிலும் உள்ளிருக்கும் சுற்றிலும் சேதாரம் போக வாட்டுக்கு 100 லூமன் கிடைத்தாலே நல்லது. ஆக 570 லூமன். மிகச் சிறந்த எல்.ஈ.டி. என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டு 150ஆல் பெருக்கினாலும் 855தான். பெட்டியில் 1,000 என்று இருந்தால் அது மெய்யாக இருக்க வழியில்லை. லக்ஸ் மீட்டரே இல்லாமல் இந்த முடிவுக்கு வந்துவிட்டோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்பதும் இதிலிருந்தே தெரியும். செல்லின் கொள்ளளவு 2,600 மில்லி ஆம்பியர் மணி, இழுப்பது 1.5 ஆம்பியர் என்றால் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. “12 மணி நேரம் எரியும்” என்று பெட்டி சொன்னால், எந்த வெளிச்சத்தில் என்று கேட்க வேண்டும்.

மூன்று சிறு பென்சில் செல் போடும் மலிவு டார்ச்சுகளில் கதை வேறு. மூன்று செல்லும் சேர்ந்து 4.5 வோல்ட், எல்.ஈ.டி.க்கு வேண்டியதோ ஏறத்தாழ 3 வோல்ட். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு, நடுவில் உள்ள தடையில் வெப்பமாகப் போய்விடுகிறது. அதோடு செல் தளரத் தளர ஆம்பியரும் குறையும், வெளிச்சமும் மெல்ல மெல்ல இறங்கும். சீர்ப்படுத்தும் சுற்று உள்ள டார்ச்சுகளில் சில, செல்லின் அழுத்தம் குறையும்போது ஆம்பியரைக் கூட்டி இழுத்து வெளிச்சத்தைச் சமமாக வைத்துக்கொண்டு, கடைசியில் திடீரென்று அடங்கிவிடும். எது நல்லது என்பது வாங்குபவரைப் பொறுத்தது. கடலில் மீன்பிடிக்கப் போகிறவருக்கு, முன்னறிவிப்பின்றி அணையும் விளக்கு ஆபத்து.

வியாபாரிகளாகிய நமக்கு மட்டுமே உரிய ஒரு சோதனையும் இருக்கிறது. மின்னணுச் சுவிட்சு வைத்த டார்ச்சுகள், அணைத்து வைத்திருக்கும்போதும் சிறிது மின்சாரம் குடிக்கின்றன. மீட்டரை மில்லி ஆம்பியருக்கு மாற்றி, டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். (இந்நிலையில் சுவிட்சை அமுக்கிவிடக் கூடாது, மில்லி ஆம்பியர் பகுதியின் பியூஸ் போய்விடும்.) ஒரு மில்லி ஆம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 24 மில்லி ஆம்பியர் மணி. 2,600 கொள்ளும் செல் 108 நாளில் வறண்டுவிடும். லித்தியம் செல் அப்படி அடியோடு வறண்டால் பிறகு சரியாக ஏறுவதில்லை. கப்பலில் ஒரு மாதம், கிடங்கில் இரண்டு மாதம், கடையில் ஒரு மாதம் என்று கிடந்த சரக்கு, விற்கும் நாளில் எரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். செல்லைத் தனியே வைத்தோ, நடுவில் பிளாஸ்டிக் வில்லை செருகியோ அனுப்பும்படி சரக்கு அனுப்புபவரைக் கேட்பது நமக்கு லாபம்.

செல்லையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்கான 18650 செல் 45 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். “9,900 மில்லி ஆம்பியர் மணி” என்று உறையில் அச்சிட்டு, 30 கிராமே நிற்கும் செல்கள் சந்தையில் உலவுகின்றன. உள்ளே சிறு செல் ஒன்றை வைத்து, மிச்ச இடத்தை மணலோ மாவோ கொண்டு நிரப்பியவையும் அகப்பட்டிருக்கின்றன. 9,900 என்பது அந்த அளவுச் செல்லில் எவராலும் செய்ய இயலாத ஒன்று. அந்த எண்ணைக் கண்ட மாத்திரத்தில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பணம் மட்டுமன்று விஷயம். இத்தகைய செல்லை இரவெல்லாம் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கும் குடும்பத்தை நினைக்க வேண்டும்.

இனி வெளிச்சம்.

லூமனைச் சரியாக அளக்கத் தொழிற்சாலைகளில் உல்பிரிக்ட் கோளம் என்ற பெரிய வெள்ளை உருண்டை வைத்திருக்கிறார்கள். உள்ளே விழும் ஒளி எல்லாத் திசையும் பட்டுத் தெறித்துச் சமமாகிவிடும். ஓரிடத்தில் அளந்தால் மொத்தமும் தெரியும். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் கடையின் பின்புறம் உள்ள சிறு அறை, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததாக இருந்தால், அதையே கோளமாகப் பாவிக்கலாம். இரவில் கதவைச் சாத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி மேற்கூரையை நோக்கி எரியவிட வேண்டும். லக்ஸ் மீட்டரை ஒரு மேசை மேல், டார்ச்சின் ஒளி நேராகப் படாத இடத்தில் வைக்க வேண்டும். கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியை அது காட்டும்.

அந்த எண்ணை மட்டும் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒப்பிட ஒரு படிக்கல் வேண்டும். பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் டார்ச்சை, லூமன் நம்பகமாகக் குறிக்கப்பட்டதாகப் பார்த்து, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதை விற்கக் கூடாது. 300 லூமன் உள்ள அந்தப் படிக்கல் டார்ச்சு 24 லக்ஸ் காட்டுகிறது. சோதிக்க வேண்டிய டார்ச்சு 16 லக்ஸ் காட்டுகிறது என்றால், 16ஐ 24ஆல் வகுத்து 300ஆல் பெருக்க வேண்டும். 200 லூமன். இவ்வளவுதான் கணக்கு. அறையும் மீட்டரும் டார்ச்சு வைக்கும் இடமும் மாறாமலிருப்பது முக்கியம். அளப்பவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரர் மீட்டர் பக்கம் நகர்ந்தாலே எண் ஏறிவிடும். ஒன்று பரவலாகவும் மற்றது குவிந்தும் ஒளி வீசினால் இந்த முறையில் சிறிது பிசகு வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 200ஐ 220 என்று தவறாகச் சொல்வோமேயன்றி 2,000 என்று சொல்லமாட்டோம்.

கைப்பேசியில் உள்ள லக்ஸ் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து இரண்டு டார்ச்சுகளை ஒப்பிட அது உதவும். நேரடி ஒளிக்கு அதைக் காட்டலாகாது. அதன் உணர்கண் திரை வெளிச்சத்தைச் சரிசெய்ய வைக்கப்பட்டதே ஒழிய அளவைக்காக வைக்கப்பட்டதன்று.

டார்ச்சு எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு வேறு அளவை. நீண்ட நடையில் ஒரு முனையில் மீட்டரை வைத்து, 5 மீட்டர் தள்ளி நின்று ஒளியின் நடுப்புள்ளி அதன் மேல் விழும்படி பிடிக்க வேண்டும். 400 லக்ஸ் என்று வந்தால், தூரத்தின் வர்க்கமாகிய 25ஆல் பெருக்கினால் 10,000 கேண்டலா. மிக அருகில் நின்று அளந்தால் கதிர் இன்னும் குவிந்து முடிந்திராது, கணக்குப் பிசகும். இந்தக் கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 10,000இன் வர்க்கமூலம் 100. ஆகவே 200 மீட்டர். ஆனால் இந்த 200 மீட்டருக்கு என்ன பொருள் என்பதை வாடிக்கைக்காரருக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தொலைவில் 0.25 லக்ஸ் ஒளி விழும். அது வெட்டவெளியில் பௌர்ணமி நிலவு வெளிச்சம் போன்றது. அங்கே நிற்பது மாடா மனிதனா என்று அறியலாம்; ஆள் யார் என்று தெரியாது. பாதித் தூரம் வந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும். உபயோகமான எட்டு தூரம் அதுதான் என்று சொல்லி விற்பது நல்லது.

இந்த முறைகளையெல்லாம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவில் 2009இல் வெளியான எஃப்.எல்.1 என்னும் தர விதி. ஒழுங்கான கம்பெனிகள் பெட்டியின் மேல் லூமன், தூரம், எரியும் நேரம் இவற்றைச் சிறு சித்திரங்களோடு அச்சிடுவது இவ்விதிப்படிதான். எவரையும் அது கட்டாயப்படுத்துவதில்லை, விரும்பியவர் பின்பற்றுவது. லூமனை விளக்கு ஏற்றி 30 விநாடிக்குப் பிறகு அளக்க வேண்டும் என்பது அதன் ஒரு கட்டளை. காரணம், எல்.ஈ.டி. சூடாக ஆக ஒளி குறையும். ஏற்றிய கணத்தில் அளந்தால் பெரிய எண் வரும்.

ஆயினும் இவ்விதியிலும் ஒரு சந்து இருக்கிறது. ஆரம்ப ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரமே எரியும் நேரம் என்கிறது அது. 1,000 லூமனில் தொடங்கி, மூன்று நிமிஷத்தில் 150க்கு இறங்கி, அப்படியே ஆறு மணி நேரம் எரியும் டார்ச்சு, “1,000 லூமன், 6 மணி நேரம்” என்று அச்சிட்டுக்கொள்ளலாம். இரண்டு எண்ணும் மெய். சேர்த்துப் படித்தால் பொய். இதைப் பிடிக்க எளிய வழி, பின் அறையில் டார்ச்சை எரியவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை லக்ஸைக் குறித்துக்கொண்டே வருவது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் போதும். எந்தச் சரக்கு நின்று எரிகிறது, எது முதல் மூன்று நிமிஷம் மட்டும் ஜாலம் காட்டுகிறது என்பது அந்தப் பக்கத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. 200 லூமனையும் 240 லூமனையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. லூமன் இரட்டித்தால் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தோன்றாது. ஓரளவு கூடியதாகவே தோன்றும். எனவே, லூமனுக்காக மட்டும் இரண்டு பங்கு விலை கொடுப்பவர் ஏமாறுகிறார். விடியுமுன் பால் வெட்டப் போகும் தோட்டத் தொழிலாளிக்கு நெற்றியில் கட்டும் விளக்கு. அவர் பார்க்க வேண்டியது கை நீட்டும் தூரத்தில் உள்ள பட்டையை. 100 லூமன் பரவலாக, மூன்று நான்கு மணி நேரம் மாறாமல் எரிந்தால் அவருக்கு அதுவே சிறந்தது. தூரம் எட்டும் குவிந்த கதிர் அவருக்குக் கண்ணைக் கூசச் செய்யும். காவல்காரருக்கு நேர்மாறு. துணிக்கடைச் சகோதரர்களுக்கு நாம் தனியே ஒன்று சொல்வோம்: நீலம் பாய்ந்த வெள்ளை ஒளியில் லூமன் அதிகம், ஆனால் சரிகையின் நிறமும் மெரூனும் கறுத்துத் தெரியும். நிறம் காட்டும் எண் 90க்கு மேல் குறித்த டார்ச்சு லூமனில் சற்றுக் குறைவாக இருந்தாலும் அங்கே அதுதான் பயன்படும்.

செலவுக் கணக்கு கேட்பவருக்கும் பதில் வைத்திருக்கலாம். 2,600 கொள்ளளவுள்ள லித்தியம் செல்லை ஒரு முறை நிரப்ப, சேதாரம் சேர்த்துச் சுமார் 12 வாட் மணி. ஒரு யூனிட் மின்சாரத்தில் எண்பது முறைக்கு மேல் நிரப்பலாம். பென்சில் செல்லை வாராவாரம் வாங்கும் ஒருவர் இதைக் கேட்டால் மறு பேச்சின்றி வாங்குவார். அதற்காகப் பென்சில் செல் டார்ச்சைக் கைவிட வேண்டியதில்லை. கிளந்தானில் 2014 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, கடையில் வாங்கிப் போடும் செல்தான் கைகொடுக்கும்.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மலேசியாவில் 2011ஆம் ஆண்டின் வணிக விவரணைச் சட்டம், பொருளின் செயல்திறனைப் பற்றிய பொய் விவரம் ஒட்டிய சரக்கை விற்பவரையும் குற்றவாளியாக்குகிறது, அச்சிட்டவரை மட்டுமன்று. சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்தின் கீழ் வாங்கியவர் வழக்காடலாம். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போதே மாதிரிக்கு ஒன்று வாங்கிச் சோதித்து, எண் ஒத்துவராவிட்டால் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

சோதித்த டார்ச்சுகளுக்குப் பெட்டியின் எண்ணை விட்டுவிட்டு நம் எண்ணைச் சிறு அட்டையில் எழுதித் தொங்கவிடலாம்: ஏற்றியவுடன் இத்தனை லூமன், அரை மணிக்குப் பின் இத்தனை, எரியும் நேரம் இவ்வளவு, செல்லின் எடை இவ்வளவு. 50,000 என்ற பெட்டிக்குப் பக்கத்தில் 450 என்ற அட்டையைக் கண்டு வாடிக்கைக்காரர் காரணம் கேட்பார்; சொல்ல நமக்கு விஷயம் இருக்கிறது. அட்டையில் சோதித்த தேதியையும் குறிக்க வேண்டும். அடுத்த கப்பலில் அதே பெட்டி, அதே படம், அதே விலையோடு வரும் சரக்கின் உள்ளே வேறு எல்.ஈ.டி. இருக்கக் கூடும்.